எழுத்தறியாத தாயும் ஆசிரியையே

ஜூன் திங்கள் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் புதியதொரு பரபரப்பு. புத்தகப் பை, சீருடை, காலணி என்று பெற்றோர் கடை கடையாக ஏறி இறங்குகின்றனர். கையில் பணமில்லாதவரும் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தேனும் கட்டணத்தைச் செலுத்திவிடுகின்றனர். பிள்ளையின் படிப்புக்காகத் தம் வயிற்றைக் கட்டும் பெற்றோருக்கு நம் பங்குகளில் குறைவே இல்லை. இது போற்றுதற்குரியது.

ஆயினும், பள்ளி திறந்து ஒரு திங்கள் கழிந்தபின் அதே பெற்றோரிடம், "உங்கள் பிள்ளை இப்போது என்ன பாடம் படிக்கிறான்? புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கிறானா?" என்று கேட்டுப் பாருங்கள். "நாங்கள் கைநாட்டு, சாமி. எங்களுக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம், டியூஷனுக்கும் அனுப்புகிறோம்" என்பதே பலரிடமிருந்து வரும் விடை. அவ்விடையில் பணிவு உண்டு. ஆனால் அதில் பெருந்தவறொன்றும் ஒளிந்திருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பருவத்தில் பிள்ளைக்கு வீடு செய்ய வேண்டிய உதவிகளுள் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தறிவு தேவையே இல்லை. பொறுமையாகக் கேட்கும் செவியும், நாள்தோறும் ஒதுக்கும் சிறிது நேரமுமே தேவை.

முதற்பொறுப்பு யாருடையது?

பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பிள்ளைகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் பெற்றோராதலால் அவர்களே முதன்மையான கல்வியாளர் என்றும், அவர்கள் தம் பங்கைச் செய்யத் தவறினால் அதை ஈடுசெய்வது மிகவும் அரிது என்றும் அது கற்பித்தது. படித்த பெற்றோருக்கு மட்டும் எனச் சங்கம் எந்த வரம்பும் இடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு மேலும் ஒரு படி செல்கிறது. பெற்றோர் ஆசிரியர்களோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோர் கூறுவதை மனமுவந்து கேட்க வேண்டும் என்று இருதரப்பார்க்கும் அது கடமை விதிக்கிறது. ஆகவே, பள்ளி வாசலில் நின்று ஆசிரியரிடம் பேசக் கூசும் உப்பளத் தொழிலாளிக்கும் அங்கே பேச உரிமை உண்டு.

தேர்ச்சி வேறு, வாசிப்பு வேறு

"ஆண்டுதோறும் தேறி வருகிறானே, பிறகென்ன?" என்று சிலர் கேட்கலாம். தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை எப்பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பிஞ்சு உள்ளங்களைத் தோல்வியின் காயத்திலிருந்து காக்கும் நல்ல நோக்கம் அதற்கு உண்டு. ஆனால், அடுத்த வகுப்புக்குச் சென்றுவிட்டான் என்பதனாலேயே வாசிக்கக் கற்றுவிட்டான் என்று பொருளாகாது.

'பிரதம்' என்னும் அமைப்பு 2005ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளுக்கு ஒரு சிறு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிச் சோதித்து வருகிறது. 'ஏசர்' எனப்படும் இவ்வாய்வின் 2024ஆம் ஆண்டு முடிவின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை. இப்பிள்ளைகள் யாவரும் பள்ளிக்குச் செல்லாதவர்கள் அல்லர். நம் பிள்ளைகளைப் போலவே பையைத் தூக்கிக்கொண்டு போய் வந்தவர்கள்தாம்.

முதல் இரண்டு ஆண்டுகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பு முதல், வாசித்துத்தான் மற்றவற்றைக் கற்க வேண்டும். அறிவியலும் சமூகவியலும், ஏன், கணக்கிலுள்ள கேள்வியும்கூட எழுத்தாகவே அதன் முன் வந்து நிற்கின்றன. எழுத்துக் கூட்டுவதிலேயே திணறும் பிள்ளைக்கு எல்லாப் பாடங்களும் ஒருசேரக் கதவடைத்துக் கொள்கின்றன. பிறகு அதை 'மக்கு' என்கிறோம். அது மக்கன்று, முதற்படியில் கைகொடுக்க ஆளில்லாமற் போன பிள்ளை. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு முதல் மூன்று வகுப்புகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியதும் இம்முதற்படியை உறுதியாக்கவே.

செவி கொடுங்கள்

தமிழ் எழுத்துகள் 247. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கற்ற பிள்ளை, 216 உயிர்மெய்களைக் குறிகளின் துணைகொண்டு கற்க வேண்டும். அக்குறிகளில் சில பெரியவர் நினைப்பதைவிடக் கடினமானவை. 'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு முன்னே நிற்கிறது. ககரம் நடுவே, கால் பின்னே. மூன்றையும் ஒன்றாகக் கண்டால்தான் 'கொ' என்னும் ஒலி பிறக்கும். எழுத்தில் முன்னே நிற்பது ஒலியில் பின்னே வருவதால், ஆறு வயதுக் குழந்தை தடுமாறுவது இயல்பே. ல, ள, ழ என்பவற்றையும், ந, ன, ண என்பவற்றையும் பிரித்தறிய நாட்கள் பிடிக்கும். இங்கே வேண்டுவது பழக்கம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் நாள்தோறும் வாய்விட்டு வாசிக்கச் செய்து கேட்க ஆசிரியருக்கு நேரம் ஏது? அந்த நேரத்தை வீடு கொடுக்க முடியும்.

நாள்தோறும் மாலையில் பதினைந்து நிமிடம் பிள்ளையை அருகில் அமர்த்தி, பாடநூலில் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தாய் மீன் அரிந்துகொண்டோ, பூக் கட்டிக்கொண்டோ கேட்கலாம். "எனக்கே படிக்கத் தெரியாது; சரியா தவறா என்று எப்படி அறிவேன்?" என்கிறீர்களா? கடற்கரை ஏலத்தில் பத்துக் குரல்களுக்கிடையே தன் விலையைப் பிரித்துக் கேட்கும் செவி உங்களுடையது! சொற்கள் சரளமாக வருகின்றனவா, எழுத்தெழுத்தாகத் தட்டித் தடவி வருகின்றனவா என்பதை அச்செவி அறியும்.

இன்னொரு வழியும் உண்டு. பக்கத்தின் நடுவில் ஏதேனும் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேளுங்கள். சிறிது நேரம் கழித்து அதே சொல்லைத் தொட்டு மீண்டும் கேளுங்கள். விடை மாறினால், பிள்ளை வாசிக்கவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காக அடிக்க வேண்டா. அதே பத்தியை மூன்று நாள் வாசிக்கச் செய்யுங்கள். முதல் நாள் முட்டியது மூன்றாம் நாள் ஓடும். அவ்வெற்றியின் இன்பமே அடுத்த பத்திக்கு அழைத்துச் செல்லும். முடிவில், "இதில் என்ன சொல்லியிருக்கிறது? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். தாய்க்குத் தெரியாததைத் தான் சொல்லிக் கொடுக்கிறோம் என்ற பெருமிதம் பிள்ளைக்கு எத்துணை ஊக்கம்!

எண்ணும் வீட்டிலேயே விளையும்

கணக்கு என்றால் பிள்ளைகள் அஞ்சுவதற்கு ஒரு காரணம், எண்ணைக் கையால் தொட்டுப் பார்க்குமுன் தாளில் எழுதச் சொல்வதுதான். 'நூற்றைந்து' எழுதச் சொன்னால் பல பிள்ளைகள் 1005 என்று எழுதுவதைக் காணலாம். நூறும் எழுதி, ஐந்தும் எழுதியாயிற்று. அதன் கணக்கில் அது சரியே! இடமதிப்பு இன்னும் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

விளக்குமாற்று ஈர்க்குகளை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். 42 என்றால் நான்கு கட்டும் இரண்டு குச்சியும். அதிலிருந்து 17ஐ எடுக்க வேண்டும். இரண்டு குச்சியில் ஏழை எடுக்க முடியாது. ஆகவே ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். இப்போது குச்சி பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. எஞ்சிய மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. விடை 25. 'கடன் வாங்குதல்' என்று கரும்பலகையில் புதிராக நிற்பது திண்ணையில் தெளிவாகிவிடும். கடைக்கு அனுப்பும்போது மீதிச் சில்லறை எவ்வளவு வரும் என்று முன்னதாகவே கேளுங்கள். பூ விற்கும் தாயும் காய்கறி விற்கும் பாட்டியும் மனக்கணக்கில் தேர்ந்தவர்கள். அக்கலை பேரப்பிள்ளைக்குச் சேராமல் ஏன் அவர்களோடு முடிய வேண்டும்?

பேசுங்கள்; பேச விடுங்கள்

குழந்தை காதால் கேட்டறிந்த சொல்லைத்தான் கண்ணால் கண்டதும் இனங்கண்டுகொள்ளும். வீட்டில் பேச்சு வளமாக இருந்தால் பள்ளியில் படிப்பு வளமாகும். பாட்டி சொல்லும் கதையும், விடுகதையும், தந்தை தன் தொழிலைப் பற்றிச் சொல்லும் செய்தியும் பிள்ளையின் சொற்களஞ்சியத்தை நிரப்புகின்றன. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுகளைப் பெயர் சொல்லி அறிந்த மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் புவியியல் அந்நியமாகுமா?

ஆங்கில வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர்க்கு இங்கே ஒரு சொல். ஆங்கிலம் அறியாததால் நாம் வாய்திறக்கக் கூடாது என்று எண்ணாதீர்கள். இன்று படித்ததைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் பாடம் புரிந்திருக்கிறது; முடியாவிட்டால், ஆங்கிலச் சொற்கள் நாவில் மட்டும் நிற்கின்றன. தாய்மொழியில் ஊன்றிய கருத்து மற்றொரு மொழிக்கு எளிதில் செல்லும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்றே கூறுகிறது.

ஒழுங்கு என்னும் அடித்தளம்

உறவினர் திருமணம், ஊர்த் திருவிழா, காதுகுத்து என்று ஆண்டு முழுவதும் பள்ளியை நிறுத்தும் பழக்கம் நம்மிடையே உண்டு. எழுத்துக் கற்கும் பருவத்தில் ஒரு வாரம் விடுபட்டால், திரும்பி வரும்போது வகுப்பு வேறோர் எழுத்துக்குச் சென்றிருக்கும். விட்ட படியை யாரும் திரும்பிக் கட்டித் தருவதில்லை. நம் ஆலயத் திருவிழாவேயாயினும், மாலை ஆராதனைக்கு வாருங்கள்; பகலில் பிள்ளை வகுப்பில் இருக்கட்டும்.

இரவு பத்து மணி வரை தொலைக்காட்சித் தொடரும், அதன்பின் கைப்பேசியும் ஓடும் வீட்டில் பிள்ளை எப்படித் தூங்கும்? தூங்காத பிள்ளை வகுப்பில் எப்படி விழித்திருக்கும்? வாசிக்கும் அந்தப் பதினைந்து நிமிடமாவது வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஓய்வெடுக்கட்டும், தந்தையினுடையதும் சேர்த்து!

வெறும் வயிற்றில் பாடம் ஏறாது. இதை உணர்ந்தே தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் ஊர்ப்புறங்களிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்மார்க்கு இது பெருந்துணை. ஆனால் பிள்ளை உரிய நேரத்தில் பள்ளியில் இருந்தால்தானே அவ்வுணவு கிட்டும்?

ஆசிரியரைச் சந்தியுங்கள்

புகார் சொல்லவோ, மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைக்கவோ மட்டும் பள்ளிக்குச் செல்வது போதாது. பருவத்துக்கு ஒரு முறையேனும் ஆசிரியரைச் சந்தித்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் பிள்ளை தன் வகுப்புப் பாடத்தைத் தானே வாசிக்கிறதா? எந்த இடத்தில் தடுமாறுகிறது? வீட்டில் நாங்கள் எதைச் செய்ய வேண்டும்? "எத்தனையாவது ரேங்க்?" என்ற கேள்வியைவிட இவை பயன் தருவன. கரும்பலகையில் உள்ளதைத் தவறாக எழுதி வரும் பிள்ளைக்குப் பார்வைக் குறை இருக்கக்கூடும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குச் செவிக் குறை இருக்கக்கூடும். அடிப்பதற்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோரும் பாதுகாவலரும் இருக்கவும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாயிருக்கவும் வகைசெய்கிறது. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டம் தடைசெய்கிறது. கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்று தயங்குகிறோம். கணவன் மனைவி மாறி மாறியாவது செல்லுங்கள்.

டியூஷன் வேண்டுமா?

சில இல்லங்களில் அது தேவையாகலாம். ஆயினும், பள்ளிவிட்டு வந்த ஏழு வயதுக் குழந்தையை மீண்டும் இரண்டு மணி நேரம் ஓரறையில் அடைத்து, அதே வீட்டுப்பாடத்தை எழுத வைத்து அனுப்புவது படிப்பாகாது. பணம் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி நமக்குக் கிடைக்கிறது. பிள்ளைக்கு விளையாட்டும் போகிறது, நம்மோடு இருக்கும் நேரமும் போகிறது. அங்கே அனுப்பினாலும், திரும்பி வந்தபின் உங்கள் அருகில் அமர்ந்து வாசிக்கும் பதினைந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

அன்பார்ந்த பெற்றோரே, நம் அன்பியக் கூட்டங்களில் அடுத்த முறை இதைப் பற்றிப் பேசுங்கள். மேல்வகுப்பு மாணவர் இருவர் மாலையில் சிறு பிள்ளைகளுக்குச் செவிகொடுக்க முன்வந்தால், அந்தத் தெருவே பயன் பெறும். திருக்குடும்பத்தைப் பற்றி நற்செய்தி நமக்குச் சொல்வது சிறிதே. ஆனால் நாசரேத்தில் அவர் பெற்றோருக்குப் பணிந்து, ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்துவந்தார் என்பதை லூக்கா குறிக்கத் தவறவில்லை. அவ்வளர்ச்சி ஒரு தச்சரின் எளிய இல்லத்தில் நிகழ்ந்தது. நம் இல்லங்களும் எளியவையே. இன்று மாலை விளக்கேற்றிச் செபம் முடிந்ததும், பிள்ளையை அழைத்து, "புத்தகத்தை எடுத்து வா, எனக்கு வாசித்துக் காட்டு" என்று சொல்லுங்கள்.