பழைய கவசமும் புதிய கணிப்பொறியும்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் நாளுக்கு நாள் வளர்கிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முன்னாளில் செய்தளித்த வெள்ளிக் கவசம் இன்று அவருக்குப் பொருந்தவில்லை என்று அடியார்கள் சான்று காட்டுவர். சென்ற விடுமுறையில் மாமாவின் நகலகத்தில் அமர்ந்திருந்தபோது அக்கவசம் என் நினைவுக்கு வந்தது.

மாமாவின் பழைய கணிப்பொறி பழுதாகவே, விண்டோஸ் 11 கொண்ட புதியதொன்றை வாங்கினார். பழைய ஸ்கேனரோ அதனோடு ஒத்துழைக்க மறுத்தது. மாணவர் சான்றிதழ்களை ஸ்கேன் செய்தே பிழைக்கும் கடை அது. "பொருள் நன்றாகத்தானே இருக்கிறது! இதையா தூக்கி எறியச் சொல்கிறார்கள், தம்பி?" என்று வருந்தினார்.

குறை எங்கே? கருவிக்கும் இயக்க அமைப்புக்கும் இடையே துபாஷியாக நிற்பது 'டிரைவர்' என்னும் சிறு நிரல். பழைய டிரைவர்கள் பல 32 பிட் அமைப்புக்கென எழுதப்பட்டவை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உண்டு. 32 பிட் டிரைவரை அது தன் உட்கருவில் ஏற்காது. தயாரித்தவர் புதிய டிரைவர் தராவிடின், நல்ல கருவியும் ஊமையாகிவிடும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் நிலைமை வேறு. அங்குப் பெரும்பாலான டிரைவர்களின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. தயாரித்தவர் கைவிட்டாலும், பிறர் அதனை 64 பிட்டுக்கு மீண்டும் தொகுத்துவிடலாம். ஸ்கேனர்களுக்கென்றே 'சேன்' என்றொரு தொகுப்பு உண்டு.

ஆகவே பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமலே இயக்கிப் பார்த்தேன். 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளை தயாரிப்பாளருக்கு ஒன்றும் கருவிக்கு ஒன்றுமாக, நான்கு இலக்கக் குறியீடுகள் இரண்டைக் காட்டிற்று. சேன் பட்டியலில் அவை இருந்தன. சிறிது நேரத்தில் ஒரு சான்றிதழ் திரையில் தெளிவாக எழுந்தது. கோப்புகளைப் படியெடுத்து வைத்தபின், விண்டோஸோடு லினக்ஸையும் நிறுவினேன்.

எல்லாக் கருவியும் இப்படி உயிர்பெறும் என்று சொல்லமாட்டேன். பட்டியலில் இல்லாதவையும் உண்டு. ஆயினும் முகந்தெரியாத தளங்களில் டிரைவர் தேடி நச்சு நிரலை விலைக்கு வாங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விடுதி நண்பர்களே, உங்கள் மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை பென்டிரைவில் சோதித்துப் பாருங்கள். கவசம் பொருந்தாவிட்டால் மாற்ற வேண்டியது கவசத்தைத்தானே!