எஞ்சிய பிசினும் தந்தையாரின் படமும்

கதிரைக் கால் ஒன்றை ஒட்டுவதற்கென வாங்கிய எப்பொக்சிப் பிசினிற் பாதி எஞ்சியிருந்தது. அதனை வீணாக்க எமக்கு மனம் வரவில்லை. ஆணியடித்தாற் சுவர் வெடிக்குமே என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, தந்தையாரின் படத்தை மாட்டுதற்குரிய சிறு மரக்கட்டையொன்றை அப்பிசினாற் சுவரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் இரவு படம் வீழ்ந்து கண்ணாடி சிதறியது. அதன் கீழிருந்தே எம் இளைய மகள் பாடம் படிப்பது வழக்கம். அவ்வேளை அவள் உணவருந்தச் சென்றிருந்தமை எமது நற்பேறு.

வீழ்ந்த கட்டையை எடுத்துப் பார்த்தோம். பிசின் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பின்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் ஒன்று உரிந்து ஒட்டியிருந்தது. நாம் சுவரில் ஒட்டவில்லை. சுவரின் மேற்பூச்சில் ஒட்டியிருந்தோம் என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

இப்பிசின் இரு பகுதிகளாக விற்கப்படுவது. ஒன்று பிசின், மற்றையது அதனை இறுகச் செய்யும் திரவம். 1946ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தில் அறிமுகமான 'அரல்டைட்' இவ்வகையினதே. கோந்து நீர் வற்றிக் காய்வது; இதுவோ இரு பகுதிகளும் இரசாயன முறையிற் கூடி இறுகுவது. ஆகவே, விரைவில் இறுகட்டுமென்று இரண்டாவதைக் கூடுதலாகச் சேர்த்தல் பேதைமை. கலவை உரிய வன்மையைப் பெறாது. தயாரிப்பாளர் குறித்த அளவே அளவு. கலந்தபின் எஞ்சியதைச் சேமித்து வைத்தலும் இயலாது. குவளையிற் குவிந்து கிடந்தால் அது சூடேறி விரைந்து இறுகிவிடும். கலவாத பிசின் பழந்தேன் போல உறைந்து வெண்மணிகளாகத் தோன்றினால், மூடிய குழாயை இளஞ்சூட்டு நீரில் வைக்கப் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சுவரில் ஒட்ட விரும்புவோர் சுண்ணாம்பையும் வர்ணத்தையும் சுரண்டி, சீமெந்துப் பூச்சு வெளிப்பட்டபின் தூசி துடைத்து, ஈரமின்றி உலரவிட்டு ஒட்டுதல் வேண்டும். திறப்புக் கொளுக்கி போன்ற இலேசான பொருள்களுக்கே இது போதும். பாரமானவற்றிற்குச் சுவரில் துளையிட்டு, உள்ளிருக்கும் தூசியை அகற்றி, பிசினை நிரப்பித் திருகாணியைப் பதித்தல் நன்று. கட்டட வேலைகளிற் கொங்கிறீற்றினுள் இரும்புக் கம்பிகளை நாட்டுதற்கும் இம்முறை கையாளப்படுகின்றது. முற்றாக இறுகும்வரை பாரம் ஏற்றலாகாது. கையுறை அணிதலும் அவசியம். தோலிற் பட்டாற் சிலருக்கு ஒவ்வாமை தோன்றும். சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

தந்தையாரின் படம் இன்று புதுக் கண்ணாடியுடன் அதே சுவரில், துளையிற் பதித்த திருகாணியில் தொங்குகின்றது. மகளின் மேசையை மட்டும் எதிர்ப்புறம் மாற்றிவிட்டோம். பிசினை நம்புகின்றோம், எனினும் பிள்ளையின் தலைக்கு மேல் எதனையும் தொங்கவிடுவதில்லை.