மாதவிடாய் வலியும் அக்குபங்சர் ஊசியும்: தெரிந்து முடிவெடுப்போம்

“ஊசி குத்திக்கிட்டா மாசாமாசம் வர்ற வலி போயிருமாங்க? குழந்தைகூடத் தங்குமாமே?” தாராபுரம், மூலனூர், குண்டடம் பகுதிகளிலிருந்து மகளிர் நலப் பிரிவுக்கு வரும் தாய்மார்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. விடையை முழுமையாகத் தருவது எங்கள் கடமை.

அக்குபங்சர் சீனாவில் தோன்றிய பழமையான மருத்துவ முறை. உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மயிரிழை போன்ற மெல்லிய ஊசிகளைச் செலுத்துவது அதன் அடிப்படை. நரம்புகள் தூண்டப்படுவதால் உடலே வலியைத் தணிக்கும் எண்டார்பின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது என்பது தற்கால அறிவியல் தரும் ஒரு விளக்கம். இந்திய அரசு 2019-இல் இதனைத் தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆயினும், அங்கீகாரம் என்பது எல்லா நோய்க்கும் இது மருந்து என்னும் சான்றிதழ் ஆகாது.

மாதவிடாயின்போது கருப்பையின் உட்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசைகளை இறுக்குவதால் வலி உண்டாகிறது. மெபனமிக் அமிலம், இபுபுரூபன் ஆகிய மாத்திரைகள் இச்சுரப்பையே குறைப்பதால் பெரும்பாலோர்க்கு நல்ல பலன் தருகின்றன. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடமும் உதவும். அக்குபங்சரைப் பொறுத்தவரை, 42 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, அவ்வாய்வுகளின் தரம் குறைவு என்பதால் பயன் உண்டென்றோ இல்லையென்றோ உறுதியாகக் கூற இயலவில்லை என்றது. எனவே, வலி தணிய வேண்டித் துணைச் சிகிச்சையாக இதனை நாடுவோரை நாங்கள் தடுப்பதில்லை.

குழந்தைப்பேற்றைப் பொறுத்தவரை விடை தெளிவாகவே உள்ளது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 1,000 சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. குளோமிபீன் மாத்திரை பெற்றவர்களில் 28.7 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். போலி மாத்திரை பெற்றவர்களில் 15.4 விழுக்காட்டினரே பெற்றனர். முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் இது 21.8 விழுக்காடு, பெயரளவுக்கு ஊசி குத்தப்பட்டவர்களில் 22.4 விழுக்காடு. அதாவது, மாத்திரை பலன் தந்தது, ஊசி தரவில்லை. சோதனைக்குழாய் முறையில் கருத்தரிக்க முயன்ற 848 பெண்களிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018-இல் வெளியான ஆய்விலும் ஊசியால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஊசியைவிட நாங்கள் அஞ்சுவது காலதாமதத்தையே. “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்று தள்ளிப்போடப்படும் வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸோ கருப்பைக் கட்டியோ இருக்கக்கூடும். பனியன் ஆலைகளில் பணிபுரியும் நம் பெண்கள் பெயர் தெரியாத வலி மாத்திரையை விழுங்கி வேலையைத் தொடர்வதும் இவ்வகைத் தாமதமே. அதிக உதிரப்போக்கு இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே நடந்த பிரசவ முயற்சியில் தாயும் சேயும் உயிரிழந்தனர். அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். பிரசவத்தில் மருத்துவமனைக்கு மாற்று இல்லை.

கீழ்க்காணும் அறிகுறிகள் இருப்பின், வேறெந்தச் சிகிச்சைக்கும் முன்னர் மகப்பேறு மருத்துவரை அணுகுங்கள்:

• 8 நாளுக்கு மேல் நீடிக்கும் உதிரப்போக்கு, அல்லது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொருமுறை நாப்கின் மாற்றும் நிலை
• ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலி
• மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராமை
• மாதவிடாய் நின்றபின்போ, தாம்பத்திய உறவுக்குப் பின்போ உதிரம் படுதல்
• ஓராண்டு முயன்றும் கருத்தரியாமை (35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதம்)

நாள் தள்ளிப்போன பின் கடும் வயிற்றுவலியும் உதிரப்போக்கும் கண்டால், அது கருக்குழாயில் தங்கிய கருவாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரமும் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இவற்றைப் பரிசோதித்தபின் அக்குபங்சரை நாட விரும்பினால், முறையாகப் பயின்றவரிடமே செல்லுங்கள். உறை பிரிக்காத, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசிகளை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மறுபயன்பாட்டு ஊசியால் மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். கருவுற்றிருந்தாலோ, இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொண்டாலோ முன்கூட்டியே தெரிவியுங்கள். “மாத்திரையை நிறுத்து, ஸ்கேன் வேண்டாம்” என்று யார் கூறினாலும் ஏற்காதீர்கள். தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளைத் தொடருங்கள்.

ஊசி போட்டுக்கொள்வதை எங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். முழு விவரமும் தெரிந்தால்தான் எங்களால் சரியான வழி காட்ட முடியும். மகளுக்கு வலி என்றால் தாயும், மனைவிக்கு வலி என்றால் கணவரும் உடன் வாருங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது பெண்ணின் கடமையன்று.