காலால் சுழலும் சக்கரம்

சீராக்கின் ஞான நூலில் 38-ஆம் அதிகாரத்தை வாசிக்கும் நம்மவர்க்கு ஓரிடத்தில் ஐயம் எழுதல் இயல்பு. அங்கே குயவர் அமர்ந்து காலால் சக்கரத்தைச் சுழற்றுகிறார். நம் ஊர்க் குயவரோ சக்கரத்துக் குழியில் கோலைச் செருகிக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, அது ஓடும் ஓட்டத்திலேயே பானையை வனைகிறார். அவ்வாறாயின் அந்நூல் கூறும் சக்கரம் எத்தகையது?

விடையை எகிப்தில் காணலாம். கார்கா பாலைவனச் சோலையில் ஹிபிஸ் என்னும் கோயில் உள்ளது. பாரசீக மன்னன் முதலாம் தாரியுவின் காலத்தை (கி.மு. 522–486) சார்ந்த அதன் சுவர்ச் சிற்பம் ஒன்றில், க்னும் என்னும் தெய்வம் காலால் சக்கரத்தை இயக்குகிறது. சீராக்கின் நூல் எழுதப்பெற்றது அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின்னரே. இறைவாக்கினர் எரேமியா குயவர் வீட்டில் கண்ட சக்கரத்துக்கு எபிரேய மூலத்தில் 'இரு கற்கள்' எனப் பொருள்படும் சொல் வழங்குகிறது. ஆனால் அங்கே காலைப் பற்றிய பேச்சில்லை.

கால்சக்கரத்தின் அமைப்பு எளியது. மேலே சிறு வட்டம், கீழே கனத்த வட்டம், இரண்டையும் இணைக்கும் நேர் அச்சு. கீழ்வட்டத்தைக் கால் தள்ள, இரு கைகளும் மண்ணுக்கே உரியனவாகின்றன. இதற்காக நாம் கடல் கடக்கவும் வேண்டுவதில்லை. பாக்கிஸ்தானின் சிந்து, பஞ்சாப் பகுதிகளில் குழி தோண்டிக் கீழ்வட்டத்தை அதனுள் அமைத்து, குயவர் குழியின் விளிம்பில் அமர்ந்து வனைவது மரபு.

கொரியச் சக்கரம் வேறு வகை. மரத்தாலான இரு வட்டங்களைச் சட்டங்களால் பிணைத்து, நிலத்தில் நாட்டிய முளையின்மேல் பொருத்துவர். எடை குறைவாதலால், உதைப்பதை நிறுத்தினால் விரைவில் ஓய்ந்துவிடும். இது குறையன்று, வேண்டியபோது விரைவாக்கவும் மெதுவாக்கவும் அதுவே உதவுகிறது. ஜப்பானின் கியூஷு தீவில், கரட்சு முதலிய இடங்களில், இச்சக்கரம் வேரூன்றியது கொரியக் குயவர் வழியாகவே. 1592 முதல் 1598 வரை நடந்த படையெடுப்பின்போது அவர்களுள் பலர் சிறைப்பிடிக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் கிண்ணங்களைப் பிரபுக்கள் தேநீர்ச் சடங்கில் போற்றினர்; வனைந்தவருள் பலருக்கோ தாயகம் திரும்பும் பேறு வாய்க்கவில்லை.

நமக்குப் பெருவியப்பளித்தது மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் மாயா மக்கள் பயன்படுத்தும் 'கபால்'. வழுவழுப்பான பலகைமீது ஒரு மரக்கட்டை, அச்சே இல்லை. தாழ அமர்ந்து உள்ளங்கால்களால் அதைத் திருப்புவர். இதைச் சக்கரம் என்பதா என வினவுவோர் வினவட்டும், பானை உருவாகிறது. இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் 1920-இல் பெர்னார்ட் லீச் நிறுவிய மட்பாண்டக் கூடத்தின் பெயரால் வழங்கும் சக்கரமோ, மிதிகட்டையும் வளைந்த அச்சும் கொண்டது.

மீண்டும் சீராக்கிடம் வருவோம். கைவினைஞரின்றி நகரம் அமையாது எனக் கூறும் அவரே, ஆலோசனை மன்றத்தில் அவர்களை எவரும் தேடுவதில்லை என்றும் கூறுகிறார். எழுத்தறிந்தோரின் சிறப்பைக் காட்டவே அவர் அவ்வாறு எழுதினார். நாமும் எழுத்தறிந்தோர் வரிசையில் இருப்பதால், அப்பகுதியைப் பீடத்தினின்று வாசிக்கும்போது நமக்குச் சற்றே நாணம் உண்டாவதுண்டு.

அவ்விடத்தில் குயவரின் கால் மற்றொரு முறையும் வருகிறது. கடினமான மண்ணைக் காலால் பதப்படுத்துவதை அது குறிக்கும் என்பர். அதனை நம் ஊர்க் குயவரும் செய்கிறார்.