‘மா’ : ஓரொலியும் பல பிறப்பும்

ஓரெழுத்தே சொல்லாய் நின்று பொருள் தருவதனைத் தமிழிலக்கணம் ஓரெழுத்தொருமொழி என்னும். அத்தகையன 42 என்பது நன்னூலார் வரையறை. அவற்றுள் ஒன்றாகிய ‘மா’ என்பதன் ஒலி பிற மொழிகள் பலவற்றிலும் சொல்லாக வழங்கக் காண்கின்றோம். இவ்வொலியொப்புமை ஒன்றே கொண்டு மொழியுறவு துணிதல் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் தமிழையே நோக்குவோம். மரம், விலங்கு, அரைத்த பொடி, இருபதில் ஒரு பங்கு, நில அளவு எனப் பல பொருள்களை இச்சொல் தரும். இவற்றுள் இறுதி இரண்டும் ஒரு பிறப்பின. வேலியின் இருபதில் ஒரு பங்காகிய நிலமே ‘மா’ எனப்பட்டது, பின்னப்பெயர் அளவுப்பெயராயிற்று. மரமும் விலங்குமோ அங்ஙனம் இணைவன அல்ல. தொல்காப்பியரும் எழுத்ததிகாரத்துள் மரப்பெயரை விலங்கின் பெயரினின்றும் பிரித்தே ஓதினர். ஆகவே, ஒரு மொழிக்குள்ளேயே ஓரொலி பல சொற்களுக்கு உரியதாதல் தெளிவு.

இனிச் சீன மொழியை நோக்குவோம். அதன்கண் ‘மா’ என்பது தொனி வேறுபாட்டால் தாய், சணல், குதிரை, வைதல் என நான்கு வேறு சொற்களாம். தமிழிலும் ‘மா’ குதிரையைக் குறித்தலின் இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதத் தோன்றும். அக்கருத்து நிலைபெறாது. தமிழ்ச் சொல்லின் பொதுப்பொருள் விலங்கு என்பதே. குதிரை, யானை முதலியன இடம்நோக்கிக் கொள்ளப்படுவன. சீனச் சொல்லோ குதிரைக்கே உரியது. மேலும், பழஞ்சீனத்தில் அச்சொல் மகரத்தின்பின் ரகரம் பெற்றிருந்தது என மொழிநூலார் மீட்டுருவாக்குவர். சீனத்தோடு உறவுடைய பர்மிய மொழியின் எழுத்து வழக்கிலும் குதிரையின் பெயர் ‘ம்ர’ என்றே தொடங்குகின்றது. பழமை நோக்கிச் செல்லச்செல்லத் தமிழ்ச் சொல்லும் சீனச் சொல்லும் விலகுகின்றன. ஆதலின் இவ்வொப்புமை தற்செயலானது.

இதற்கு மறுதலையாயதும் ஒன்று உண்டு. வடமொழியில் ‘மா’ என்பது ‘செய்யற்க’ என விலக்கும் இடைச்சொல். கிரேக்கத்தில் அவ்விலக்குப் பொருளில் வழங்குவது ‘மே’. உயிரொலி வேறாயினும் இவை ஒரு பிறப்பின. கிரேக்க ஏகாரத்திற்கு நேராக வடமொழியில் ஆகாரம் வருதல் வேறு பல சொற்களிலும் காணப்படும் முறையான மாற்றம். அரபு மொழியின் ‘மா’ என்பதும் எதிர்மறை உணர்த்தும். எனினும், அது ‘என்ன’ எனப் பொருள்படும் வினாச்சொல்லோடு இயைபுடையது. ஆகலின் ஒலியும் பொருளும் அணுகி நின்றும் அது வடமொழிச் சொல்லுக்கு உறவன்று.

தாயைக் குறிக்கும் மகரச் சொற்களோ உலகெங்கும் உள்ளன. குழவி எளிதில் எழுப்பும் ஒலியே அதற்குக் காரணமாதலின், அவையும் இனவுறவுக்குச் சான்றாகா.

சொல் குறுகக் குறுகத் தற்செயலொப்புமை பெருகும். எனவே ஒத்த ஒலியைக் கண்டதும் உறவு கூறாது, அவ்வம் மொழியின் பழைய வடிவையும், இனமொழிச் சான்றையும், பல சொற்களில் தொடரும் ஒலிமாற்ற நெறியையும் நாடுதல் வேண்டும். ‘மா’வும் ‘மே’யும் உறவாக, ‘மா’வும் ‘மா’வும் அயலாதல் இந்நெறியாலன்றி விளங்காது.