கேட்கலாமா... 'பாஸ்' சொல்லலாமா?

ஆபீஸ் மீட்டிங்கில் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது தட்டிலிருக்கும் முந்திரி பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு பிரமோஷன் சீக்கிரம் வரும். பிரிட்ஜ் ஆட்டமும் அப்படித்தான்!

"சீட்டாட்டமா? பாயிண்ட்டுக்கு எவ்வளவு ஸார்?" என்று சட்டைக் கையை மடக்காதீர்கள். இது ரம்மி இல்லை. நாலு பேர்; எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஆடுவதற்கு முன்னால் ஓர் ஏலம். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் - இதில் எது துருப்பு (துருப்பே வேண்டாம் என்றும் கேட்கலாம்), மொத்தமுள்ள 13 டிரிக்கில் எத்தனையை நாங்கள் எடுப்போம் என்று கேட்க வேண்டும். முதல் ஆறு டிரிக் இலவச இணைப்பு மாதிரி, கணக்கில் வராது. 'இரண்டு இஸ்பேட்' என்றால் எட்டு டிரிக் என்று அர்த்தம். கேட்டதை எடுத்தால் உங்களுக்கு மார்க்; குறைந்தால் எதிராளிக்கு.

முன்பு இருந்த ஆக்ஷன் பிரிட்ஜில் குறைவாகக் கேட்டுவிட்டு நிறைய எடுத்தாலும் கேமுக்குச் சேரும். 1925-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹெரால்டு வாண்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியாகப் போன கப்பலில் நண்பர்களோடு ஆடிப்பார்த்து அதை மாற்றினார். கேட்ட அளவுக்குத்தான் கேம்! அன்றிலிருந்து ஏலம்தான் பாதி ஆட்டம்.

எங்கள் ஊரில் புளியமர ஏலம் நடக்கும்போது ஒருத்தர் வருவார். அவருக்குப் புளியே வேண்டாம். ஆனாலும் "இன்னொரு நூறு" என்று ஏற்றிவிட்டுக்கொண்டே இருப்பார். சரியான இடத்தில் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். எடுத்தவர் பாடு திண்டாட்டம். பிரிட்ஜ் ஏலத்தில் போட்டி போடுவதும் ஏறக்குறைய இதே வித்தைதான். எதிராளி 'இரண்டு ஆட்டின்' என்று சொகுசாக நிற்கப் பார்க்கிறார். நிற்க விடக்கூடாது. ஒன்று, நாம் எடுத்து ஆட வேண்டும். அல்லது அவரை மூன்றுக்குத் தள்ள வேண்டும். சரி, எந்த இடத்தில் வேட்டியை உதறுவது?

இங்கேதான் நிறையப் பேர் ராஜா, ராணியை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது துருப்பை! ழான் ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த கணக்கு இது. 1969-ல் 'தி பிரிட்ஜ் வேர்ல்டு' பத்திரிகையில் எழுதினார். 1992-ல் லாரி கோஹன் புத்தகம் போட்டு உலகெங்கும் பரப்பினார். பெயர், 'லா ஆஃப் டோட்டல் ட்ரிக்ஸ்'. அவர்களுக்குப் பிடித்த துருப்பு எத்தனை, நமக்குப் பிடித்த துருப்பு எத்தனை என்று கூட்டினால், இரண்டு தரப்பும் தத்தம் துருப்பில் எடுக்கக்கூடிய டிரிக்குகளின் கூட்டுத்தொகை அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

தலை சுற்றுகிறதா? இதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் கூட்டாளியிடமும் சேர்த்து எத்தனை துருப்போ, அத்தனை டிரிக் வரை தைரியமாகக் கேட்கலாம். எட்டுத் துருப்பென்றால் இரண்டு வரை. ஒன்பதென்றால் மூன்று. பத்தென்றால் நாலு. அதற்கு மேலே வீம்பு!

என் கூட்டாளி ஒருவர், பாங்க்கில் ரிட்டயர் ஆனவர், தங்கமான மனிதர். ஒரு கையில் எதிராளி 'ஒரு ஆட்டின்' என்றார். ஐந்து இஸ்பேட் வைத்திருந்த நான், 'ஒரு இஸ்பேட்'. 'இரண்டு ஆட்டின்' என்றார் இன்னொரு எதிராளி. நம்மவரிடம் மூன்று இஸ்பேட். ஐந்தும் மூன்றும் எட்டு. 'இரண்டு இஸ்பேட்' என்றார். பிரமாதம்! அவர்கள் 'மூன்று ஆட்டின்' போனார்கள். நான் பாஸ். அடுத்தவரும் பாஸ். நம்மவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, 'மூன்று இஸ்பேட்' என்றார். எதிராளி டபுள். கிடைத்தது ஏழு டிரிக். இரண்டு குறைவு, 300 மார்க் போச்சு. பேசாமல் விட்டிருந்தால் அவர்களுக்கு 140-தான்.

"ஏன் ஸார் ஏறினீங்க?"

"விட்டுக்கொடுக்க மனசு வரலைய்யா!"

இந்த ஒரு வாக்கியம் பிரிட்ஜ் மேஜையில் தின்ற மார்க்குகளுக்குக் கணக்கே கிடையாது. அவரிடம் இருந்ததே மூன்று இஸ்பேட். அதை முதல் தடவையே சொல்லியாகிவிட்டது. இரண்டாவது தடவை பேசியது சீட்டு இல்லை, மனசு. அன்று மிச்ச ஆட்டம் முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. ஏலத்திலும் சேர்த்துத்தான்!

வல்னரபிளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வல்னரபிளாக இருக்கும்போது டபுளில் ஒரு டிரிக் குறைந்தாலே 200. எதிராளிக்குச் சின்ன ஆட்டத்தில் கிடைப்பதே 110, 140 தானே! மாறாக, அவர்கள் வல்னரபிள், நாம் இல்லை என்றால், அவர்களுடைய 'நாலு ஆட்டின்' 620. பத்து இஸ்பேட் வைத்துக்கொண்டு 'நாலு இஸ்பேட்' போய், டபுளில் மூன்று குறைந்தாலும் 500-தான். தோற்று ஜெயிப்பது என்பது இதுதான்.

இந்தக் கணக்கு ஒன்றும் கல்வெட்டு இல்லை. 2004-ல் மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்க்ரெனும் இதை எதிர்த்தே ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒரு ஜாக்கி இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும். எதிராளி கேட்கிற ஆட்டினில் உங்களிடம் ராணியும் ஜாக்கியும் இருந்தால், உங்கள் ஆட்டத்துக்கு அவை அநேகமாக உதவாது, அடங்கி இருங்கள். ஆட்டினே ஒன்றுதான் என்றால் ஒரு படி துணியலாம்.

'சீட்டு ஆடறவன் உருப்பட மாட்டான்' என்று சொன்ன பெரியப்பாக்களுக்கு ஒரு தகவல். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்கள் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். அப்போது அவர்களுக்கு வயது 60, 56. ஓடவோ குதிக்கவோ இல்லை. எப்போது கேட்பது, எப்போது விடுவது என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஆகவே, சீட்டை விரித்ததும் கூட்டாளியின் ஏலத்தைக் காதில் வாங்குங்கள். துருப்பைக் கூட்டுங்கள். கேட்க வேண்டியதை ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள். எதிராளி அதற்கும் மேலே போனால் சிரித்தபடி 'பாஸ்' சொல்லுங்கள். அதுவும் கூட்டாளிக்கு நீங்கள் சொல்லும் ஒரு சேதிதான்: "என்னிடம் இருந்ததைச் சொல்லிவிட்டேன், ஸார். பொய் சொல்ல மாட்டேன்!"