நாட்பட்ட அழற்சி நோயும் உணவு மாற்றமும்

ஒருவர் நோயுற்றால் வீட்டார் முதலிற் கேட்பது, "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்பதே. அடுத்துக் கேட்பது, "இனி என்ன கொடுக்கலாம்?" என்பது. பத்தியம் நம் நாட்டில் மருந்தோடு உடன்பிறந்தது. சுரத்திற்குக் கஞ்சியும் வயிற்றுப்போக்கிற்கு மோரும் கொடுக்க வேண்டுமென்று எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. சின்னாட்களில் நீங்கும் பிணிக்கு இவ்வழக்கம் எளிது. ஆண்டுக்கணக்காக உடலை விட்டகலாத பிணிக்கோ இது பெருஞ்சிக்கலாகின்றது. ஒருவர் கத்தரிக்காயை விலக்கச் சொல்வார், மற்றொருவர் பாலை, வேறொருவர் பருப்பை. எல்லார் சொல்லையும் கேட்கும் நோயாளியின் இலையில் இறுதியில் எஞ்சுவது வெறுஞ்சோறும் கவலையுமே. ஆகவே, உணவு மாற்றத்தாலேயே அடங்கும் ஒரு நோயின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் கூறி, அதனின்று ஏனைய நோயாளிகள் அறியத்தக்கது யாதென ஆராய்வோம்.

அழற்சி என்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறைகளுள் ஒன்று. முள் தைத்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பதை யாவரும் அறிவர். முள் நீங்கியதும் அழற்சியும் தணியும். சிலருடைய உடலிலோ பகைவன் இல்லாதபோதும் இப்போர் ஓயாது நடக்கின்றது. மூட்டில் நடப்பின் முடக்குவாதம் எனப்படும். பெருங்குடலில் நடப்பின் பெருங்குடற்புண் அழற்சியாம். சிறுகுடலில் கோதுமையின் காரணமாக நடப்பின் அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

இச்சீலியாக் நோயை இக்கால மருத்துவ முறையில் முதன்முதல் தெளிவாக விளக்கியவர் இலண்டன் நகர வைத்தியர் சாமுவேல் கீ என்பவர். 1887-ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவில், குழந்தைகள் வயிறு உப்பிக் கைகால் மெலிந்து வாடும் இந்நோய் தீருமாயின் உணவாலேயே தீரும் என்று கூறினார். ஆனால் எவ்வுணவு என்பது அவருக்குப் புலப்படவில்லை. ஹாலந்து நாட்டுச் சிப்பி இறைச்சியை நாள்தோறும் மிகுதியாக உண்டு தேறிய ஒரு குழந்தையைப் பற்றி அவர் எழுதியுள்ளார். சிப்பியின் பருவம் கழிந்ததும் அக்குழந்தை மீண்டும் நோயுற்றது.

பின்னர் 1924-இல் நியூயார்க் நகரத்துச் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ உணவைக் கையாண்டு பல குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ அரிய ஆற்றல் இருப்பதாக அவர் எண்ணினார். உண்மையில் அக்குழந்தைகளைத் தேற்றியது, பழம் தின்ற காலத்தில் அவர்கள் ரொட்டி தின்னாமையே. காரணத்தைப் பிழைபட உணர்ந்தமையால், தேறிய பிள்ளைகள் மீண்டும் ரொட்டிக்குத் திரும்பினர். நோயும் அவர்களிடம் திரும்பியது. பலன் சரியாயிருந்தும் காரணம் தவறாயிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இஃது ஒரு சிறந்த சான்று.

உண்மையான காரணத்தைக் கண்டவர் ஹாலந்து நாட்டின் தி ஹேக் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த வில்லெம் டிக்கே ஆவார். 1930-களிலேயே அவருக்குக் கோதுமையின்மீது ஐயம் பிறந்திருந்தது. கோதுமை நீக்கிய உணவைப் பற்றி 1941-இல் அவர் எழுதினார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 பனிக்காலத்தில், அந்நாட்டில் கொடிய பஞ்சம் நிலவியது. ரொட்டி அரிதாயிற்று. ஊரெல்லாம் மெலிய, சீலியாக் குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் கிடைத்தபோது அவர்கள் நோயுற்றனர். பஞ்சம் கற்பித்த பாடத்தோடு டிக்கே நின்றுவிடவில்லை. உணவில் ஒரு தானியத்தைச் சேர்த்தும் நீக்கியும், மலத்தில் வெளிப்படும் கொழுப்பை அளந்தும் சோதித்து, 1950-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். கோதுமையிலும் ரை, பார்லி என்னும் தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதமே தீங்கு செய்வதென்பது அவ்வழியே நிலைபெற்றது.

அது தீங்கு செய்யும் முறையையும் இன்று அறிவோம். சிறுகுடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல்போன்ற முளைகள் நெருங்கியுள்ளன. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு உடையவர்களுள் சிலருக்குக் குளூட்டன் பட்டவுடன் உடலின் காவற்படை கிளர்ந்து அம்முளைகளையே அழித்துவிடுகின்றது. அதனால் உண்டது உடலிற் சேராது, இரத்தம் குறையும், எலும்பு நலியும். குளூட்டனை முற்றும் நீக்கின் முளைகள் பெரும்பாலும் மீளவும் வளரும். இரத்தப் பரிசோதனையாலும், குடற்சுவரில் ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பதாலும் நோயை உறுதி செய்யலாம். ஆனால் கோதுமையை முன்னரே நிறுத்தியவரிடம் இச்சோதனைகள் பொய்த்துவிடக் கூடும். ஆகையால் முதலிற் சோதனை, பின்னரே பத்தியம்.

இந்நோய் மேனாட்டாருடையது, நமக்கென்ன என்று சிலர் வினவலாம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்களை நெடுங்காலம் ஆராய்ந்த பி. எஸ். இராமகிருஷ்ணா முதலியோர் 2016-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்ததில், வடக்கே ஆயிரவரில் எண்மருக்குமேல் இந்நோய் காணப்பட்டது. தெற்கே பதினாயிரவரில் ஒருவர் அளவே. ஆனால் இதற்கு இடங்கொடுக்கும் மரபணுக்களோ வடக்கே நூற்றுக்கு 38.1, தெற்கே 36.4 என ஏறக்குறைய ஒத்திருந்தன. வேறுபட்டது உணவே. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம். நம் முன்னோர் உண்ட அரிசியும் சிறுதானியமும், அவர்கள் அறியாமலே இந்நோயினின்று நம்மைக் காத்துவந்திருக்கலாம் என்பது இதனாற் புலப்படும். காலையிற் சப்பாத்தியும் மாலையிற் பரோட்டாவும் வழக்கமாகிவரும் இந்நாளில் இது நினைவிற் கொள்ளத்தக்கது.

வெண்ணந்தூரிலும் இராசிபுரத்துப் பக்கத்துச் சிற்றூர்களிலும் வாழும் ஒருவருக்கு இந்நோய் உண்டெனத் தெரிந்தால் அவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கேழ்வரகுக் களி, கம்பஞ்சோறு, சோளச் சோறு, கொல்லிமலைச் சாமை, இட்லி, தோசை ஆகிய இவை எவற்றிலும் குளூட்டன் இல்லை. போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து வரவு தடைப்பட்டபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யத் தொடங்கிய சவ்வரிசியும் அவருக்கு ஆகும். ஆயினும் அது பெரும்பாலும் மாப்பொருளே ஆதலால் அதனோடு பருப்போ முட்டையோ சேர வேண்டும். அவருக்குள்ள இடர் மறைந்துவரும் கோதுமையே. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே என்பதைப் பலர் அறியார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பது வழக்கம். மாவு மில்லில் கோதுமை அரைத்தவுடன் அதே இயந்திரத்தில் அரைத்த கேழ்வரகு மாவும் அவருக்குத் தீங்கே. கோவிலிற் கிடைக்கும் ரவைக் கேசரியும், தேவாலயத்தில் வழங்கும் கோதுமை அப்பமும் அவ்வாறே.

இனி, ஏனைய அழற்சி நோய்களுக்கு வருவோம். சீலியாக் நோயைப்போல ஒரே உணவை நீக்கித் தீர்க்கத்தக்க அழற்சி நோய்கள் மிகச் சிலவே. கிரோன் எனப்படும் குடல் நோயுற்ற குழந்தைகளுக்குச் சில வாரங்கள் திரவ உணவை மட்டுமே கொடுத்து நோயைத் தணிப்பதுண்டு. நார்வே நாட்டில் 53 முடக்குவாத நோயாளிகளை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட அறிக்கை, சின்னாள் உபவாசமும் பின்னர் மரக்கறி உணவும் மேற்கொண்ட பிரிவினருக்கு வலியும் வீக்கமும் குறைந்ததைக் காட்டிற்று. எனினும் எல்லாருக்கும் அப்பயன் கிட்டவில்லை. இங்கெல்லாம் உணவு துணைவன், மருந்தே தலைவன். வெண்ணந்தூர் தறி நெய்வோர் வாழும் ஊர். முடக்குவாதமோ முதலிற் கைவிரல் மூட்டுக்களையே பெரும்பாலும் பற்றுவது. வலி சற்றுக் குறைந்ததென்று மருந்தை விட்டுப் பத்தியத்தை மட்டும் நம்பும் நெசவாளரின் விரல்கள் உள்ளே அரிக்கப்பட்டுக் கோணிவிடின், அவை மீண்டும் நிமிரா. அவர் இழப்பது பிழைப்பை.

ஆகவே உணவை மாற்ற விரும்புவோர் நான்கு நெறிகளைக் கைக்கொள்வது நலம். முதலாவது, நோய் இன்னதென வைத்தியரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளல். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமும், நோய் இன்னதென முதலில் ஆராயும்படியே வைத்தியனுக்கு அறிவுறுத்துகின்றது. இரண்டாவது, ஒரு சமயத்தில் ஒரே மாற்றம் செய்து, சில வாரங்கள் உடல்நிலையை ஏட்டிற் குறித்து வருதல். பயனில்லையேல் நீக்கிய உணவை மீண்டும் சேர்த்தல். நான்கு பொருள்களை ஒருங்கே நீக்கித் தேறியவர் எதனால் தேறினோம் என்பதை அறியார். வாழைப்பழ வைத்தியத்தில் நேர்ந்த பிழை இதுவே. மூன்றாவது, நீக்கியதற்கு ஈடு செய்தல். பாலை விலக்குவோர்க்குக் கேழ்வரகு உதவும். அதன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணச்சத்து உண்டு. நான்காவது, வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்தாமை.

நோயாளியின் நாவை அடக்குதல் இப்பத்தியத்திற் பாதியே. மற்றப் பாதி சுற்றத்தார் கையில் உள்ளது. விருந்தினரை வற்புறுத்தி உண்பிப்பது நம் நாட்டுப் பண்பு. அப்பண்பே நாட்பட்ட நோயாளிக்குப் பெருஞ்சோதனையாவதை நாம் உணர்வதில்லை. "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிப் பரோட்டாத் துண்டை இலையில் இடுவோர், அத்துண்டு குடலிற் செய்வதை அறியார். விடுதியில் நம் அருகில் அமர்ந்து, தன் பங்கை மட்டும் வேறாகக் கேட்டு வாங்கி உண்ணும் தோழனை ஏளனம் செய்யாது, காரணத்தைக் கேட்டறிந்து அவனோடு உடனிருந்து உண்போமாக. அவனுக்கு நாம் செய்யத்தக்க வைத்தியம் அதுவே.